முள்ளை முள்ளால் எடுக்கும் பூஞ்சை மருந்து!

"டாக்டர், படர்தாமரைக்கு கம்ப்யூட்டரே மருந்து கண்டுபிடிச்சிடுச்சாமே! எப்போ கடைக்கு வரும்?"

ஆறு மாத அரிப்போடு வந்த ஓர் அம்மா கேட்டார். கையில், மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வாங்கிய ஒரு ட்யூப்.

அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. பூஞ்சைகள் இடத்துக்கும் உணவுக்கும் ஒன்றோடொன்று சண்டை போடுபவை. எதிரியை விரட்டச் சில ரசாயனங்களைச் சுரக்கும். அவற்றையே நாம் மருந்தாக்கிக் கொள்கிறோம். 1939-ல் ஒருவகை பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த கிரிசியோஃபல்வின், பிற்பாடு படர்தாமரைக்கு மாத்திரையாக வந்தது. ஸ்பெயினில் லோசோயா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த பூஞ்சையை வைத்து உருவான காஸ்போஃபங்கின் ஊசிக்கு அமெரிக்கா 2001-ல் அனுமதி தந்தது.

சரி, கம்ப்யூட்டருக்கு இதில் என்ன வேலை? பூஞ்சையின் செல்லும் நம் செல்லும் கிட்டத்தட்ட பங்காளிகள். அதைக் கொல்லும் விஷம் நம்மையும் பதம் பார்க்கலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் செல்லின் மேலுறையில் இருப்பது கொலஸ்ட்ரால், பூஞ்சைக்கோ எர்கோஸ்டெரால். அதைத் தயாரிக்கும் என்ஸைமைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சைகள் சுரக்கும் ஆயிரக்கணக்கான பொருட்களைச் சாவிகளாகப் போட்டு, எது பொருந்துகிறது என்று கம்ப்யூட்டர் பார்க்கிறது. நம் உடம்பிலும் அதே மாதிரிப் பூட்டு ஒன்று இருக்கிறது. அதில் சிக்காத சாவியாகவும் பார்த்து எடுக்க வேண்டும்.

ஆனால் இது சல்லடைதான், மருந்து அல்ல. திரையில் பொருந்திய சாவி, நிஜப் பூஞ்சைக்குள் நுழையாமலே போகலாம். கல்லீரலைக் கெடுக்கலாம். பரிசோதனைக்கூடம், விலங்கு, பிறகு மனிதர் என்று தேறி வரப் பல வருடங்கள் ஆகும். பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிடும்.

அதுவரை கையில் இருக்கும் மருந்துகளைக் காப்பாற்றியாக வேண்டும். அவையோ சில வகைகள்தான். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் 19 ஆபத்தான பூஞ்சைகளைப் பட்டியலிட்டு எச்சரித்தது. நம் நாட்டிலும் டெர்பினாஃபினுக்கு மசியாத படர்தாமரை வந்துவிட்டது.

அந்த அம்மாவின் ட்யூபைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டீராய்டு கலந்தது! அரிப்பு அடங்கும், பூஞ்சை அடியில் பரவும்.

ஆகவே, கண்ட க்ரீமைத் தடவாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை, அரிப்பு நின்றாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். ஒருவர் துண்டை மற்றவர் தொட வேண்டாம். உள்ளாடையை நன்றாக வெயிலில் உலர்த்துங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பா? அவரையும் சேர்த்தே அழைத்து வாருங்கள். சீமையகத்தி இலையை நாங்களும் இதற்குச் சொல்வதுண்டு. அதையும் வைத்தியரைக் கேட்டே போடுங்கள்.

புதுச் சாவி வரும்போது வரட்டும். இருக்கிற சாவியைத் தொலைத்துவிடாதீர்கள்!