இறந்தோரை எண்ணுவது எப்படி?

போர், புயல், பஞ்சம் ஆகியவை நேரும்போதெல்லாம் 'இறந்தோர் இத்தனை பேர்' என்று ஓர் எண்ணைச் செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த எண் எங்கிருந்து வருகிறது? உடல்களை ஒவ்வொன்றாக எண்ணியா சொல்கிறார்கள்? பேரழிவுகளில் அது இயலாத செயல். அங்கேதான் புள்ளியியல் துணைக்கு வருகிறது.

மிகை இறப்பு

1943இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அதனை ஆராய்ந்த சர் ஜான் உட்ஹெட் தலைமையிலான குழு, இறந்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் என 1945இல் அறிவித்தது. முந்தைய ஆண்டுகளின் சராசரி இறப்பைப் பஞ்ச காலத்து இறப்பிலிருந்து கழித்தால் எஞ்சுவது 'மிகை இறப்பு'. பட்டினியால் மாண்டவர்களோடு, பசியால் நலிந்து காலராவுக்கும் மலேரியாவுக்கும் பெரியம்மைக்கும் இரையானவர்களும் இதில் அடங்குவர்.

ஆனால், கழிப்பதற்குச் சரியான பதிவேடு வேண்டுமன்றோ? வங்கக் கிராமங்களில் இறப்புச் செய்தியைக் கொண்டுவந்து தருபவர் சௌக்கிதார் என்னும் ஊர்க்காவலர். பஞ்சம் அவரையும் விட்டுவைக்கவில்லை. ஊரைத் துறந்து சாலையோரம் விழுந்தவரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? குழுவின் உறுப்பினராயிருந்த அய்க்ராய்டு, தம் கணக்கு குறைவானதே என்று 1974இல் எழுதினார். சாலையோர மரணங்கள் அதில் போதிய அளவு சேரவில்லை என்றார். மேலும், குழு 1944 ஜூன் மாதத்தோடு கணக்கை முடித்துவிட்டது. நோய்களோ அதன் பின்னரும் கொன்றுகொண்டிருந்தன. இவற்றையும் சேர்த்து அமர்த்தியா சென் 1981இல் கண்ட எண் ஏறத்தாழ 30 இலட்சம்!

மாதிரிக் கணிப்பு

2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. இறந்தோர் 64 பேர் என்றது அரசு. ஆர்வர்டு ஆய்வாளர்கள் 3,299 வீடுகளில் விசாரித்து, 4,645 என மதிப்பிட்டனர். ஆயினும் உண்மை 793க்கும் 8,498க்கும் இடையில் இருக்கலாம் என்றும் கூறினர். மாதிரி சிறிதாயின் இந்த இடைவெளி விரியும். பின்னர் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் மிகை இறப்பு முறையில் 2,975 எனக் கணித்தது. 2018இல் அரசும் அதனை ஏற்றுக்கொண்டது. மின்சாரமும் மருத்துவமும் இன்றி மாதங்கள் கழித்து மாண்டவரும் புயலுக்குப் பலியானவரே அல்லரோ?

இரு பட்டியல் முறை

போர்க்களத்தில் பதிவேடும் இல்லை, வீடு வீடாய்ச் செல்லவும் வழியில்லை. அங்கே என்ன செய்வது? இருவர் தனித்தனியே பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறார்கள் என்று கொள்வோம். ஒன்றில் 200 பெயர்கள், மற்றொன்றில் 150, இரண்டிலும் இருப்பவை 60. இரண்டாம் பட்டியலின் 150 பேரில் 60 பேர், அதாவது ஐந்தில் இரு பங்கினர், முதற் பட்டியலில் அகப்பட்டுள்ளனர். ஆகவே முதற் பட்டியல் மொத்தத்தில் ஐந்தில் இரு பங்கு, மொத்தம் 500. பெயர் தெரிந்தவர்கள் 290 பேர். எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள் 210 பேர்! இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும். இருவரும் ஒரே தெருவில் விசாரித்தால் பொதுப் பெயர்கள் பெருகும், மதிப்பீடு குறைந்துவிடும்.

பெரு நாட்டின் உண்மை கண்டறியும் ஆணையம் இம்முறையை விரிவாக்கிக் கையாண்டது. 1980 முதல் 2000 வரை நடந்த உள்நாட்டு மோதலில் 69,280 பேர் மாண்டும் காணாமற்போயும் இருக்கலாம் என 2003இல் அறிவித்தது. அதுவரை சொல்லப்பட்டு வந்ததைவிட இது மிகப் பெரிய எண். பலியானோரில் பெரும்பாலோர் கெச்சுவா முதலிய பழங்குடி மொழிகளைப் பேசிய எளிய மக்கள். அவர்கள் மறைந்ததைத் தலைநகரம் அறியவே இல்லை.

எண்ணில் விடுபடுவோர் பெரும்பாலும் ஏழைகளே. எண்ணில் விடுபட்டவரின் குடும்பத்திற்கு உதவியும் எட்டாது, நீதியும் எட்டாது. எனவே, நண்பர்களே! இனி இத்தகைய எண்ணைக் காணும்போது, எண்ணியவர் யார், எந்நாள் முதல் எந்நாள் வரை எண்ணினர், கூடுதல் குறைவுக்கு எவ்வளவு இடம் உண்டு என்ற மூன்று வினாக்களைக் கேட்போம். புள்ளியியல் வெறும் எண் விளையாட்டன்று. பெயரற்று மறைந்தோர்க்கு நாம் செய்யும் இறுதிக் கடமையும் ஆகும்.