மொட்டை மாடியில் கோழி சுடலாமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் கரி அடுப்பை மூட்டி, கோழி, மீன் என்று சுட்டுச் சாப்பிடுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. "சுட்டதைச் சாப்பிட்டா கேன்சர் வருமாமே, நிஜமா டாக்டர்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். சுடுவதற்குப் பயப்பட வேண்டாம். கருக்குவதற்குத்தான் பயப்பட வேண்டும்!

சுடுவது நமக்கென்ன புதுசா? கத்தரிக்காயையும் கிழங்கையும் தணலில் சுட்டுத் தின்றவர்கள்தானே நம் தாத்தா பாட்டிகள்! பொரிப்பதைவிட இதில் எண்ணெய் குறைவு. ஆனால் இறைச்சியின் கொழுப்பு உருகிக் கங்கு மேல் சொட்டும்போதுதான் வில்லங்கம். அந்தப் புகையில் பென்சோபைரீன் போன்ற நச்சுகள் உண்டாகி, இறைச்சி மேலேயே படிகின்றன. கடும் சூட்டில் இறைச்சி கருகினால் வேறு நச்சுகளும் சேர்கின்றன. இவற்றில் சில புற்றுநோயைத் தூண்டுபவை. காய்கறிக்கு இந்தத் தொல்லை குறைவு.

என்னென்ன வேண்டும்?

அடுப்பு: கனமான இரும்பில், அடியில் காற்றுத் துளையோடு இருக்கட்டும். கங்குக்கும் வலைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி வேண்டும்.

வலை: எவர்சில்வர் நல்லது. ஜி.ஐ. வலை வேண்டவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு கடும் சூட்டில் நச்சுப் புகை விடும்.

இடுக்கி: நீளமாக இரண்டு. பச்சை இறைச்சிக்கு ஒன்று, வெந்ததற்கு ஒன்று. தட்டும் அப்படியே தனித்தனி.

சமையல் தெர்மாமீட்டர்: மேலே சிவந்திருக்கும், எலும்போரம் வேகாமல் கிடக்கும். அப்புறம் ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்குதான்! கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும்.

கரி: மரக்கரி, கொட்டாங்கச்சிக் கரி போதும். பெட்ரோல், பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

சுடும் முறை

எலுமிச்சைச் சாறு, இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகு சேர்த்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊற வையுங்கள். இப்படி ஊறிய இறைச்சியில் நச்சு குறைவாகவே உண்டாகிறது. தீ எரியும்போது சுடாதீர்கள். கங்கு மேல் சாம்பல் பூக்கட்டும். கங்கை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறு பக்கம் வைத்து அடிக்கடி திருப்புங்கள். கருகிய இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள்.

காரமும் சூடும் சேர்ந்தால் பித்தம் கூடும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. குடல்புண், மூலம் உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடவே வெள்ளரிக்காய் சாப்பிட்டு, கடைசியில் மோர் குடிப்பது நல்லது.

உயிர் விஷயம்

மழை வந்துவிட்டதே என்று அடுப்பை அறைக்குள் தூக்கி வராதீர்கள்! அணைந்தது போலத் தெரியும் கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளியாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல். அப்புறம் நினைவே தப்பிவிடும். மூடிய அறையில் தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போய்விடலாம். யாருக்காவது இந்த அறிகுறி தெரிந்தால் உடனே காற்றோட்டமான வெளியிடத்துக்குக் கொண்டுவந்து, 108-க்குப் போன் செய்யுங்கள். இதற்குக் கைவைத்தியம் கிடையாது, ஆக்சிஜன்தான் மருந்து. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!

சாப்பிட்டு முடித்ததும் கங்கில் தண்ணீர் தெளித்து, முழுக்க ஆறிய பிறகு கீழே இறங்குங்கள்.