விருந்தின் முதற்கலம்

விருந்தினரை வரவேற்றலில் முகமலர்ச்சிக்கு அடுத்தபடியாக நிற்பது முதலிற் பரிமாறப்படும் உணவு. பசியை ஆற்றுதல் அதன் பணியன்று. பசியைத் தூண்டுதலே பணியாகும். ஆதலின் அது அளவிற் சிறிதாகவும் சுவையிற் கூரியதாகவும் இருத்தல் வேண்டும்.

ஆங்கிலேயரின் விருந்துகளில் 'மல்லிகட்டானி' என்னும் சூப்பு பெயர்பெற்றது. அப்பெயர் தமிழரின் 'மிளகுதண்ணி' என்பதன் திரிபேயாம். 1784ஆம் ஆண்டைச் சேர்ந்த பாடலொன்றில் ஆங்கிலேயக் கைதியொருவர் கஞ்சியோடு சேர்த்து இதனைப் பெங்களூர்ச் சிறையுணவாகக் கூறுகின்றார். பின்னர் இறைச்சியும் கறித்தூளும் சேர்ந்து, அது சீமான்களின் மேசைக்கு ஏறியது. எனினும் உமிழ்நீரைச் சுரப்பித்துப் பசியைக் கிளர்த்துவன மிளகின் காரமும் புளியின் புளிப்புமே. ஆகவே, தெளிவாக வடித்த மிளகுரசத்தைச் சிறு கிண்ணத்திற் சூடாக அளித்தல் போதும். தடித்த ஒடியற்கூழ் இதற்கு ஏற்றதன்று. அது தானே ஒரு முழுவுணவு.

வெள்ளரிக்காய், தக்காளி, வெண்காயம் கொண்ட சலாதுக்கு வேறொரு விதியுண்டு. உப்பு, நறுக்கிய காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும். முற்கூட்டியே உப்பிட்டால் காய் துவண்டு, தட்டில் நீர் தேங்கும். ஆதலின் பரிமாறுந் தறுவாயிலேயே உப்பையும் தேசிக்காய்ப்புளியையும் சேர்த்தல் நன்று. வல்லாரைச் சம்பலுக்கும் இது பொருந்தும். பச்சையாக உண்ணப்படுவதால், காய்களையும் இலைகளையும் கொதித்தாறிய நீரிற் கழுவுதல் விருந்தினரின் உடல்நலத்தைக் காக்கும்.

அடுத்து வரும் உணவை விருந்தினர் ஆவலுடன் எதிர்நோக்குவாராயின், முதற்கலம் தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.