கடுகண்ணாவை ஏற்றத்தில் கற்ற பாடம்

கொழும்பு வீதி வழியாகக் கண்டிக்கு வருபவர்கள் மாவனல்லையைக் கடந்ததும் ஒரு மாறுதலை உணர்வார்கள். காற்றில் குளிர்ச்சி ஏறும். வண்டியின் குரலில் கனம் ஏறும். கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கிவிட்டது என்பதற்கு அவ்விரண்டுமே அடையாளம். ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸின் காலத்தில், 1820களில், கப்டன் டோசன் என்ற பொறியியலாளர் இவ்வீதியை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1829இல் அவர் காலமானார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. பாறையைக் குடைந்து அமைத்த பழைய வழியும் வீதியோரத்தில் காணக் கிடைக்கின்றது. 1867இல் புகைவண்டியும் இம்மலையில் ஏறிக் கண்டியை அடைந்தது. மாட்டு வண்டி முதல் இன்றைய லொறி வரை, எந்த வண்டியும் தன் குறையை மறைக்க முடியாத இடம் அது. வண்டியின் குறையை மட்டுமன்று, மனிதரின் குறையையும் அது காட்டிவிடும் என்பதைச் சென்ற ஆண்டுதான் நான் அறிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை இரவு என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான்.

“சேர், லொறி மறுபடியும் சூடேறி நின்றுவிட்டது. இது மூன்றாந் தடவை. கியர்ப் பெட்டியிலிருந்து கருகின வாசனை வருகிறது. அந்த பாஸ் என்னை ஏமாற்றிவிட்டார், சேர்.”

அவன் என்னிடம் உயர்தர வகுப்பில் பௌதிகம் பயின்றவன். தோட்டத்து லயத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்து படித்தவன். பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் குறைந்தன. வீட்டின் வறுமை மறுமுறை எழுத விடவில்லை. சாரதியாகி, கடன் வாங்கி, பழைய ஜப்பானிய லொறி ஒன்றைச் சொந்தமாக்கினான். நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக் கொழும்புக்கு இறங்குவான். திரும்பும்போது கம்பளைக் கடைகளுக்கு மா மூடையும் சீனி மூடையும் கொண்டுவருவான். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் கதவடைத்துக் கிடந்த நாட்டில், பழைய வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர அவனைப் போன்றவர்களுக்கு வேறு வழி இல்லை.

அந்த லொறிக்கு ஓட்டோ கியர். கியர் வழுக்கத் தொடங்கியதும், கண்டிக்கு வெளியே கராஜ் வைத்திருக்கும் வயது முதிர்ந்த சிங்கள பாஸ் ஒருவரிடம் அதைக் கொடுத்தான். அவர் பெட்டியைக் கழற்றி, தேய்ந்த தட்டுகளையும் சீல்களையும் மாற்றி, கொன்வேட்டரையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். வேலை முடிய மூன்று வாரங்கள் சென்றன. மனைவியின் சங்கிலி அடைவு கடைக்குப் போயிற்று. அதன் பின்பும் லொறி சூடேறுகின்றதென்றால் அவன் கொதித்ததில் வியப்பில்லை. “பழைய சாமான்களைப் போட்டு ஏமாற்றியிருக்கிறார். பொலிஸில் முறையிடப் போகிறேன்” என்றான். நானும் ஆத்திரத்துடன், “நாளைக் காலையில் நானும் வருகிறேன். நான் பேசுகிறேன்” என்று சொன்னேன்.

ஞாயிறு காலை கராஜுக்குச் சென்றோம். நான் பேசத் தொடங்குமுன் பாஸ் என்னை ஒரு முக்காலியில் இருத்தி, வெறுந்தேநீரும் சர்க்கரைத் துண்டும் கொடுத்தார். பின்பு தமக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்: “திட்டுவதற்கு நாள் முழுவதும் இருக்கிறது, மாஸ்டர். முதலில் லொறியைப் பார்ப்போம்.”

இவ்விடத்தில் ஓட்டோ கியரின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டினால், அதன் காற்றுப்பட்டு மற்றதும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக ஒயிலை வைத்து, அதை ஓர் இரும்புக் கூட்டுக்குள் அடைத்தால் அதுவே கொன்வேட்டரின் கருத்து. ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றது கப்பல்களுக்காக. மோட்டார் வண்டியில் முற்றிலும் தானாக இயங்கும் கியர் பெருவாரியாக விற்பனைக்கு வந்தது, ஒல்ட்ஸ்மொபில் கார்களில் 1939இல் புகுத்தப்பட்ட ஹைட்ராமற்றிக் கியருடன்தான்.

ஒயிலின் வழியாக வலுவைக் கடத்துவதில் ஒரு நட்டம் உண்டு. முன் விசிறி சுழலும் வேகத்துக்குப் பின் விசிறி சுழல்வதில்லை. அந்தச் சறுக்கல் முழுவதும் வெப்பமாகின்றது. சமதரையில் வேகமாக ஓடும்போது ஒரு பூட்டு விழுந்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இணைத்துவிடும், சறுக்கல் நின்றுபோகும். பாரத்துடன் மெதுவாக மலை ஏறும்போதோ பூட்டு விழுவதில்லை. எஞ்சின் 100 கிலோவாற்று வலுவைக் கொடுக்க, அதில் ஐந்தில் ஒரு பங்கு சறுக்கலில் போகின்றதென்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிட ஏற்றத்தில் பிறக்கும் வெப்பம், ஏறக்குறைய 38 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இந்த வெப்பத்தை ஒயில் சுமந்துகொண்டு, ஒரு குழாய் வழியாக றேடியேற்றரின் அடியில் இருக்கும் கூலருக்குச் சென்று ஆறி, மற்றொரு குழாய் வழியாகத் திரும்பவேண்டும். ஒயில் 80 முதல் 95 பாகை வரை சூடாவது வழக்கம். 120 பாகையைத் தாண்டி நின்றால் அது விரைவில் கருகிக் கெடும், தட்டுகளையும் கெடுக்கும்.

பாஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சூடு உண்மைதானா, அல்லது விளக்கு பொய் சொல்லுகிறதா என்பது முதற் கேள்வி. தொடாமலே சூட்டை அளக்கும் கருவியால் பெட்டியை அளந்து, உண்மைதான் என்றார். அடுத்தது ஒயிலின் மட்டம். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் பற்சக்கரங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். இரண்டுமே சூட்டுக்கு வழி. அந்த லொறியில் அதை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒயில் சூடாக இருக்க, சமதரையில் நிறுத்திப் பார்க்கவேண்டும். கண்டியில் சமதரைக்கு எங்கே போவது? கெட்டம்பே வரை ஓட்டிச் சென்று, மகாவலிக் கரையோரத்துத் தட்டை நிலத்தில் நிறுத்திப் பார்த்தோம். மட்டம் சரியாகவே இருந்தது. பிரேக் இறுகிப் பிடித்துக்கொண்டு எஞ்சினை வருத்துகின்றதா என்று சக்கரங்களையும் பார்த்தார். அதுவும் இல்லை.

“அப்படியானால் நீங்கள் போட்ட கொன்வேட்டர்தான் பிழை” என்று நான் குறுக்கிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “அதற்குள் நடுவில் ஒரு சிறிய சக்கரம் இருக்கிறது, மாஸ்டர். அது ஒரு பக்கம் மட்டும்தான் சுற்றவேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் லொறி நின்ற இடத்திலிருந்து இழுக்காது. எந்தப் பக்கமும் சுற்றாமல் இறுகிப்போனால் கொழும்புப் பக்கம் சமதரையில் வேகமாகப் போகும்போதே சூடேறும். தம்பி, உன் லொறி எப்படி?” என்றார்.

என் மாணவன் சிறிது தயங்கினான். “புறப்படும்போது நன்றாக இழுக்கிறது. சமதரையில் சூடும் இல்லை. ஏற்றத்தில் மட்டுந்தான்” என்றான்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் குற்றத்தை மறுக்கவில்லை; காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனார். வகுப்பறையில் நான் கற்பிக்கும் முறை அதுவேதான்.

மூடைகள் இன்னும் லொறியில் இருந்தன. அந்தப் பாரத்துடனேயே மாவனல்லை வரை இறங்கி, மறுபடியும் ஏறினோம். கடுகண்ணாவையை அடையுமுன் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பாஸ் கருவியைக் குழாய்களில் பிடித்தார். கூலருக்குப் போகும் குழாய் 118 பாகை. திரும்பி வரும் குழாய் 52 பாகை.

“கூலர் பிரமாதமாக வேலை செய்கிறது!” என்றேன் நான். 118இல் போனது 52இல் திரும்புகின்றதென்றால் வேறென்ன வேண்டும்?

பாஸ் என் முகத்தைப் பார்த்தார். “மாஸ்டர், தேநீரைச் சொட்டுச் சொட்டாக ஆற்றினால் அந்தச் சொட்டு நன்றாக ஆறும். ஆனால் கேத்தலில் இருக்கிற தேநீர்?”

எனக்குச் சுருக்கென்றது. அகற்றப்படும் வெப்பம் என்பது வெப்பநிலை வேறுபாட்டை மட்டும் பொறுத்ததன்று. எவ்வளவு திரவம் ஓடுகின்றது என்பதையும் பொறுத்தது. திணிவு, தன்வெப்பம், வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன் நான். அந்த மூன்றில் ஒன்றை வீதியோரத்தில் மறந்து நின்றேன். வேறுபாடு அத்தனை பெரிதாக இருந்ததே நோயின் அடையாளம். ஒயில் நூலிழையாக ஓடுகின்றது. ஓடிய சிறிதளவு நன்றாக ஆறுகின்றது. பெட்டியில் தங்கியதோ கொதிக்கின்றது.

கராஜுக்குத் திரும்பியதும் பாஸ் அதை மெய்ப்பித்தார். திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, அரை நிமிடம் எஞ்சினை ஓட்டினார். ஒரு லீற்றருக்கு மேல் விழவேண்டிய இடத்தில் ஒரு தேநீர்க் கோப்பையளவுதான் விழுந்தது. கூலரைக் கழற்றி எதிர்ப்பக்கமாகக் காற்றடித்தபோது கறுத்த சேறும் உலோகத் தூளும் வெளியே வந்தன. பழைய தட்டுகள் தேய்ந்த காலத்தில் அவற்றின் துகள்கள் ஒயிலுடன் சென்று அங்கே அடைந்திருந்தன. பெட்டி புதிதாயிற்று, கூலர் பழையதாகவே இருந்துவிட்டது.

“பார்த்தீர்களா சேர்! அப்படியானால் இவர் பிழைதானே?” என்றான் மாணவன்.

பாஸ் ஒன்றும் பேசாமல் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். வேலை தொடங்குமுன் அவர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு அது. ஏழாவது வரியில் ‘புதிய கூலர்’ என்று இருந்தது. அந்த வரி மட்டும் நீல மையால் வெட்டப்பட்டிருந்தது.

என் மாணவன் தலை குனிந்தான். நானும் குனிந்தேன், அந்தத் தாளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டைக் கொண்டுவந்து என்னிடம் யோசனை கேட்டான் அவன். “றேடியேற்றர் ஒழுகுகிறதா?” என்று கேட்டேன். இல்லை என்றான். “ஒழுகாத பொருளை ஏன் மாற்றவேண்டும்? பணத்தைக் கறக்கப் பார்க்கிறார்கள்” என்று சொன்னவன் நானே. அவன் என் வீட்டு மேசையில், என் பேனாவால்தான் அந்த வரியை வெட்டினான். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினான்.

“அது என் யோசனை” என்று பாஸிடம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அதிக நேரம் பிடித்தது.

அவர் சிறிது நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்பு, “என்னிலும் பிழை இருக்கிறது, மாஸ்டர். பணம் இல்லையென்று வேண்டாம் என்றால் புதியதைப் போடாமல் விடலாம். பழையதைக் கழுவிப் பார்க்காமல் லொறியை வெளியே விட்டிருக்கக் கூடாது” என்றார்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்பு கணக்குத் தீர்ந்தது. பாஸ் கூலி வாங்கவில்லை. கூலரின் விலையை மாணவன் தவணையில் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஒயிலின் விலையை நான் கொடுத்தேன். குழாய்கள் கழுவப்பட்டன, றேடியேற்றருக்கு முன்னால் தனியாக ஒரு புதிய கூலர் பொருத்தப்பட்டது. பெட்டியின் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்ததில் தட்டுகள் அதிகம் கெடவில்லை என்று தெரிந்தது. இன்னும் ஒரு மாதம் அப்படியே ஓடியிருந்தால் பெட்டியோடு அவன் பிழைப்பும் போயிருக்கும்.

அடுத்த வாரம் பாரத்துடன் மறுபடி ஏறினோம். ஏற்றத்தில் கியர்க் கோலை ‘டி’யிலேயே விட்டு மிதிக்காமல், ஒரு படி கீழே இறக்கி ஓட்டும்படி பாஸ் சொல்லிக் கொடுத்திருந்தார், சறுக்கல் குறைந்தால் சூடும் குறையும். டோசன் கோபுரத்தருகே நிறுத்தி அளந்தோம். போகும் குழாய் 94, திரும்பும் குழாய் 76. வேறுபாடு சிறிது, ஓட்டமோ நிறைவு. மாணவன் கருவியை என்னிடம் நீட்டி, “நீங்களும் ஒருமுறை பாருங்கள், சேர்” என்றான். நான் சொன்னதை இனி அவன் அப்படியே நம்பமாட்டான் என்று தோன்றிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, அதன் பின்பே மருந்தைத் தேடச் சொன்னவர் வள்ளுவர். நாங்களோ முதலிலேயே குற்றவாளியைத் தேடினோம். பொலிஸுக்குப் போயிருந்தால் ஒரு முதிய தொழிலாளியின் நற்பெயர் அழிந்திருக்கும்; லொறியும் குணமாகியிராது. வெட்டிய வரியைப் பற்றி நானும் ஒருபோதும் அறிந்திருக்கமாட்டேன்.

இப்போது வெப்பம் பற்றிய பாடம் வரும்போது 118, 52 என்ற இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதி, “கூலர் நன்றாக இருக்கிறதா?” என்று மாணவர்களைக் கேட்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ‘ஆம்’ என்றே சொல்வார்கள். எங்கள் ஆசிரியரும் அப்படித்தான் சொன்னார் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறேன்.