பால்கோவாவா, திரட்டுப்பாலா?

மதுரைப் பக்கத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப முடியாது. வாசலிலேயே குழந்தைகள், "பால்கோவா எங்கே?" என்று பையைப் பிடுங்கிவிடும். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேராத அந்த இனிப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் பெயரை வேறு ஊர்க்காரர் யாரும் தம் சரக்குக்குப் போட்டு விற்கக் கூடாது என்று சட்டமே காவல் நிற்கிறது. நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் 'கோவா' என்பது வடக்கேயிருந்து வந்த சொல். சுண்டக் காய்ச்சிய பாலுக்கு நம் பாட்டிமார் வைத்திருந்த பெயர் திரட்டுப்பால். பாலைத் திரட்டுவதால் திரட்டுப்பால். செய்கிற வேலையே பெயராக இருக்கிறது! சில வீடுகளில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டுக் கிளறுவார்கள். கல்யாணச் சீரில் அதற்குத் தனி இடம் உண்டு.

எங்கள் ஆனையூரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சின்னதாக ஒரு குழு நடத்துகிறோம். மாட்டுப் பொங்கலுக்குப் பத்து லிட்டர் பாலில் இனிப்புச் செய்து விற்கலாம் என்று பேச்சு வந்தது. "பால்கோவா என்று போட வேண்டாம், 'ஆயர் திரட்டுப்பால்' என்று பெயர் வைப்போம்" என்றேன் நான்.

காரணம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் மதுரைக்கு வந்தபோது அடைக்கலம் கொடுத்தவள் யார்? கோட்டைக்கு வெளியே ஆயர் சேரியில் இருந்த மாதரி என்ற இடைச்சி. பால் உறையாமல் போனதைக் கெட்ட சகுனமாகக் கண்டு ஆய்ச்சியர் குரவை ஆடியதும் அங்கேதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளோ தன் ஊரையே ஆயர்பாடியாகவும், தன்னை ஓர் இடைப்பெண்ணாகவும் பாவித்துத் திருப்பாவை பாடியவள். மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகளை மந்தையாக ஓட்டிப்போய் வயலில் கிடை போடும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. இத்தனை இருந்தும் நம் இனிப்பு எதிலாவது மாடு மேய்த்தவர் பெயர் இருக்கிறதா?

என் மகள் சிரித்தாள். "பேரை மாத்தினா தித்திப்பு கூடிடுமாம்மா?" என்றாள். பக்கத்து வீட்டு மதினி, "பால்கோவான்னாத்தான் வாங்குவாக. புதுப்பேரு போட்டா என்ன ஏதுன்னு கேட்டுட்டுப் போயிருவாக" என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் என்னை யோசிக்க வைத்தது எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மா சொன்ன பதில்.

"பேரு நல்லாத்தான் இருக்கு தாயி. மேய்ச்சலுக்குப் போன பொட்டலெல்லாம் பிளாட்டா ஆயிருச்சு. தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் எல்லாம் காசு. நாலு மாட்டுல ரெண்டை வித்துட்டேன். பேரு எங்களுக்கு, பாலு பாக்கெட்டுன்னா எப்படி?"

அந்தம்மா கேட்டதை ஒரு நாடே சட்டமாகப் போட்டிருக்கிறது. கிரேக்க நாட்டில் ஃபெட்டா என்று ஒரு பாலாடைக்கட்டி உண்டு. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைக் கிரேக்கர்களுக்கே உரியது என்று பதிவு செய்தது. வெறும் பெயரோடு விடவில்லை. அந்நாட்டின் குறிப்பிட்ட பகுதிகளில் வளரும் செம்மறியாட்டுப் பாலில்தான் செய்ய வேண்டும், வெள்ளாட்டுப் பால் 30 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்றும் விதி. பசும்பாலில் செய்து அதே பெயரில் விற்றுவந்த டென்மார்க், வெளிநாடுகளுக்கு அனுப்பும் சரக்கிலும் அப்பெயரைப் போட விடக்கூடாது என்று 2022-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரைக் காப்பாற்றும்போதே ஆட்டுக்காரர் பிழைப்புக்கும் ஒரு வழி!

ஆகவே நாங்களும் ஒரு தீர்மானம் செய்தோம். பெயர் 'ஆயர் திரட்டுப்பால்'. பால் எங்கள் தெருவில் மாடு வைத்திருப்பவர்களிடம் மட்டும். மதினிக்காக, கீழே சின்ன எழுத்தில் 'பால்கோவா' என்றும் எழுதினோம். பொட்டலங்கள் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டன. வாங்கியவர்களில் பாதிப்பேர், "ஆயர்னா யாருங்க?" என்று கேட்டார்கள். கேட்கட்டுமே! பதில் சொல்லத்தானே நாங்கள் இருந்தோம்.

வீட்டில் செய்ய ஒரு லிட்டர் கெட்டிப் பாலுக்கு 100 கிராம் சர்க்கரை போதும். அடிகனமான அகன்ற பாத்திரத்தில் பாலைக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, ஓரத்தில் படியும் ஏட்டை வழித்துவிட்டுக் கொண்டே கிளறுங்கள். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். அது வற்றும்வரை பொறுமை வேண்டும். பால் குழம்புப் பதத்துக்கு வந்தபின் சர்க்கரையைப் போட்டு, சுருண்டு வரும்போது இறக்குங்கள். கிட்டத்தட்ட 300 கிராம் கிடைக்கும். வெல்லம் போடுவதானால் பால் நன்றாகச் சுண்டிய பிறகு, பாகாக்கி வடிகட்டிச் சேருங்கள். முன்னதாகப் போட்டால் பால் திரிந்துவிடும்.

கடையில் வாங்கியதில் மாவு கலந்திருக்குமோ என்று சந்தேகமா? சிறு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் இரண்டு சொட்டு டிங்ச்சர் அயோடின் விடுங்கள். நீலநிறம் வந்தால் மாவு இருக்கிறது. சோதித்ததைக் கொட்டிவிட வேண்டும். நீரிழிவுக்காரர்கள் இந்த இனிப்பைத் தள்ளி வைப்பது நல்லது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த பண்டமே வேண்டாம்.

சகோதரிகளே, அடுத்த முறை பால் திரட்டும்போது உங்கள் குழந்தையிடம் இதன் பழைய பெயரைச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் அந்த ஒரு லிட்டரையாவது பக்கத்துத் தெருவில் மாடு வளர்க்கிறவரிடம் வாங்குங்கள். எங்கள் பால்காரம்மா மிச்சமுள்ள இரண்டு மாடுகளையும் இப்போதைக்கு விற்கவில்லை.