பைக்குக் காசு, பக்கற்றுக்கு யார் பொறுப்பு?

மருதானைப் புகையிரத நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் பருப்பும் சீனியும் வாங்கினேன். பற்றுச்சீட்டின் கடைசி வரியில் சொப்பிங் பைக்கும் விலை இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற அம்மா, "பைக்கும் காசா தம்பி?" என்று கேட்டார். "சட்டம் அம்மா" என்றார் கடைக்காரர்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். இது நுகர்வோர் விவகார அதிகார சபையின் பணிப்புரை. பைக்குத் தடை இல்லை, விலை மட்டுமே.

தடைகள் முன்னரே வந்தவை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் கொழும்பின் புறநகரான மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் லஞ்ச் சீற், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, உயரடர்த்திப் பொலித்தீன் பை ஆகியவை தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, மாலை, இடியப்பத் தட்டு போன்றவையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

இடையில், 2021 மார்ச் 31 முதல், சிறு பக்கற்றுகளுக்கும் தடை வந்தது. ஆனால் அது 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாதவற்றுக்கே. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. அளவை 20இற்குச் சற்றுக் கூட்டினால் அதே பக்கற்றை இந்தத் தடை தொடாது. நாட்கூலிக்கு வேலை செய்பவர் போத்தல் சம்போ வாங்க முடியாமல்தான் பக்கற் வாங்குகிறார். அவர் கையில் மிஞ்சும் வெற்றுப் பக்கற்றை மீள்சுழற்சிக்கு எடுப்பாரில்லை. அது கானுக்குள் போய், மழைக்கு வெள்ளமாகத் திரும்பி வருகிறது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் ஜாம் போத்தலில் விளக்கெரித்தோம். பனையோலைப் பையில் சாமான் சுமந்தோம். இடம்பெயர்ந்த இடங்களில் பொலித்தீன் விரிப்புத்தான் கூரை, கிழிந்தாலும் எறியவில்லை. எங்களுக்குச் சிக்கனம் புதிய பாடமல்ல.

பைக்குக் காசு கேட்பது தவறென்று நான் சொல்லவில்லை. அடுத்த நாளே வீட்டிலிருந்து பன்பை கொண்டு போனேன். ஆனால் வாங்குபவர் தன் பங்கைக் கொடுக்கும்போது, பக்கற்றைச் செய்து விற்பவரும் அதைத் திரும்ப எடுக்கவோ, அதற்கான செலவை ஏற்கவோ வேண்டும். அந்த வரி இன்னும் பற்றுச்சீட்டில் வரவில்லை.