வாசகர் கருத்துக்கு நாலு பக்கம்

நான் படித்த பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை வந்தது. பிரதி ஒன்றே ஒன்று. குண்டு குண்டாக எழுதுகிறவன் ஒருவன், ஸ்கெட்ச் பேனாவில் படம் போடுகிறவன் ஒருவன். கோணி ஊசியால் தைப்பது தமிழய்யா. பின்னால் நாலு பக்கத்தை வெறுமனே விட்டு, மேலே 'வாசகர் கருத்து' என்று எழுதிவைப்பார். வீடு வீடாகச் சுற்றிவிட்டு வரும்போது அந்த நாலும் நிரம்பியிருக்கும். 'கதை நன்று, சந்திப்பிழை பதினொன்று' என்று ஒருவர். என் கவிதைக்கு எண்ணெய்க் கறை மட்டும்தான் கிடைத்தது.

2003 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள் வந்தன, அடுத்த ஆண்டே அவற்றைத் திரட்டித் தரும் தமிழ்மணமும் வந்தது. 'பின்னூட்டம்' என்ற சொல்லை முதலில் பார்த்தபோது எனக்கு அய்யாவின் நாலு பக்கம்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் நானும் வாத்தியார். எட்டாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கினேன். பிள்ளைகள் தாளில் எழுதித் தருவார்கள். சனிக்கிழமை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் தட்டச்சுவேன். வற்றிப்போன தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி ஒரு பெண் எழுதினாள். அச்செடுத்துக் காட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. "சார், நான் கெணறுன்னுதானே எழுதுனேன்?" அடுத்த வாரம் திருத்தத்தைத் திருத்தினேன். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், தன் ஊர்க் கெணறும் இப்படித்தான் என்று பின்னூட்டம் இட்டிருந்தார். அதை நோட்டில் எழுதி வாங்கிப் போனாள், அம்மாவிடம் காட்ட.

2011இல் மேல்நிலை மாணவர்களுக்கு அரசு மடிக்கணினி கொடுத்தது. இனி பிள்ளைகளே எழுதுவார்கள் என்று நம்பினேன். நடந்தது வேறு. கல்வி வலைப்பூக்கள் பெருகின. ஆனால் அங்கே இருந்ததெல்லாம் வினாத்தாள், விடைக்குறிப்பு, அரசாணை. குறை சொல்லவில்லை, நானும் பதிவிறக்கியவன்தான். முன்பு வாரக் கணக்கில் காத்திருந்த சுற்றறிக்கை அன்றைக்கே கைக்கு வருவது லேசான காரியமா? கொரோனாவுக்குப் பிறகு வாட்ஸாப் குழு. கட்டுரையைப் படம் பிடித்துப் போட்டால் ஒரு கட்டைவிரல் கிடைக்கும். மறுநாள் காலை வணக்கங்களில் அது எங்கோ மேலே போய்விடும். 2022இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களில் பிள்ளைகளின் எழுத்தை அச்சில் பார்க்கிறேன். அய்யா இருந்திருந்தால் சந்திப்பிழை எண்ணியிருப்பார்.

எட்டாம் வகுப்பு வலைப்பூ இன்னும் இருக்கிறது. போன மாதம் திறந்து பார்த்தேன். கெணற்றுக் கட்டுரைக்குக் கீழே, சிங்கப்பூர்க்காரருக்கு அடுத்து, புதிதாக ஒரு பின்னூட்டம்: "பத்தாம் வகுப்பு காலாண்டு கொஸ்டின் பேப்பர் கிடைக்குமா சார்?"